முதல் சுற்றுகள் வாங்கும் அடி

மின்மாற்றிப் பட்டறையில் சுருள் சுற்றுகிற மொரடனுக்கு மூக்கின் மேல் கோபம். பெயின்டரின் தாடை, முதலாளியின் ஜன்னல் கண்ணாடி, எதுவும் அவனிடம் தப்பியதில்லை. செம்புக்கம்பிக்கு மின்காப்புக் காகிதம் சுற்ற உட்கார்ந்தால் மட்டும் அப்படியொரு சாந்தம். "அண்ணே, மனுசங்களையும் கம்பின்னு நெனைச்சுக்கயேன்!" என்று தங்கச்சி சிரிப்பாள்.

லைன் வழியாக இடி இறங்கினால் சுருள் முழுக்க அதைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளாது. லைன் சேரும் முனையிலுள்ள முதல் சில சுற்றுகள்தான் பெரும்பங்கு அடியை வாங்கும். அதனால் அங்கே மட்டும் இரட்டைக் காகிதம், அடையாளத்துக்குச் சிவப்பு நூல். பட்டறை வழக்கப்படி அந்த முனை மேலே இருக்கும்.

அன்று மத்தியானம் வானம் கறுத்துக் கிடந்தது. உபரியாகச் சுற்றி வைத்த சுருளைத் தூக்கிப் பார்த்தான். சிவப்பு நூல் அடியில் இருந்தது. கூடவே சுற்றி, ஒரு மின்மாற்றிக்குள் மாட்டிய மற்ற மூன்றும் இப்படித்தான் இருக்கும். பழக்கதோஷத்தில் மேல்முனையையே லைனில் சேர்த்துவிட்டான். அந்த மின்மாற்றி காலையில்தான் அடுத்த தெரு மின்நிலையத்தில் ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே ஆபரேட்டர் தங்கச்சி புருஷன்.

போனை எடுக்கவில்லை பாவி மனுஷன். மொரடன் ஓடினான். வாசலில் மறித்த காவலாளியை நெட்டித் தள்ளினான். மச்சான் மின்மாற்றியை ஒட்டி நின்று மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஆஃப் பண்ணு! சுருள் தலைகீழா மாட்டியிருக்கு, இடி விழுந்தா வெடிச்சிரும்!"

"போடா கிறுக்கா! ஆஸ்பத்திரி லைனுடா இது. நீ சொன்னா அணைச்சிருவேனா?"

தலைக்கு மேல் வானம் உறுமியது. மொரடன், மச்சான் முகத்தில் ஓங்கிக் குத்தினான். மச்சான் அவன் வயிற்றில் உதைத்தான். இருவரும் ஜல்லியில் கட்டிப் புரண்டார்கள். மொரடன் அவன் தலைமயிரைப் பற்றித் தரதரவென்று இழுத்து, தீத்தடுப்புச் சுவருக்கு இந்தப்பக்கம் தள்ளவும் மின்னல் லைனில் இறங்கவும் சரியாக இருந்தது. மின்மாற்றியின் எண்ணெய்த் தொட்டி கிழிந்தது. கொதிக்கும் எண்ணெய் தீப்பிடித்துப் பாய்ந்து, மச்சான் நின்ற இடத்தை விழுங்கியது.

மச்சான் இரண்டு பல்லைத் துப்பினான். தீயைப் பார்த்தான். மொரடனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

"என் உசுரக் காப்பாத்திட்டியேடா! உங்க பட்டறையில எந்த நாசமாப்போனவன்டா அதைச் சுத்துனது? சொல்லு, அவன் கையை ஒடைக்கிறேன்!"

சுருளையே தொடாத பெயின்டரைத் தவிர யார் பேரைச் சொன்னாலும் நம்பியிருப்பான்.

"நான்தான் மச்சான்," என்று மொரடன் வலதுகையை நீட்டினான்.

மச்சான் அழுகையை நிறுத்தினான். கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.