தப்பே நடக்காத வரிசை

என் அண்ணிக்குக் காலில் சக்கரம். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடியே அடுப்பைத் துடைப்பார், ஜன்னலை எட்டிப் பார்ப்பார், என் பரட்டைத் தலைக்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் பிஸ்கட் கம்பெனியை விட்டுவிட்டு மருந்து கம்பெனியில் நாற்காலி வேலைக்குப் போகிறேன் என்றதும், "நீயாவது, ஒரு இடத்துல உட்கார்றதாவது" என்று அண்ணன் சிரித்தான்.

பிஸ்கட் கம்பெனியை நல்ல இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கூடம் கொதிக்கும். அங்கிருந்த மேஸ்திரிக்குச் 'சங்கு' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். ஆனால் அங்கே யார் தப்பு செய்தாலும் "நிறுத்து" என்று கத்தலாம், பெல்ட் நின்றுவிடும். சங்கு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். குதித்து முடித்ததும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கலந்துபோன பாக்கெட்டுகளைத் தானே பிரித்து வைப்பார். டீ வருவதற்குள் எல்லாம் மறந்திருக்கும்.

மருந்து கம்பெனியில் ஏசி, மெத்தை நாற்காலி. சூப்பர்வைசர் எல்லாரையும் 'மேடம்' என்பார், குரல் உயர்ந்ததே கிடையாது. மாதம் முழுக்கத் தப்பு நடக்காத வரிசைக்கு இரண்டு நாள் கூடுதல் லீவு. ஒருவர் தப்பு செய்தாலும் வரிசைக்கே கிடையாது.

"தப்பே நடக்காதா?" என்று சேர்ந்த அன்றே அண்ணி கேட்டிருக்கிறார்.

"நடக்கும். வெளிய தெரியாது" என்றாராம் பக்கத்து நாற்காலி அம்மா.

அண்ணி பாட்டிலில் லேபிள் ஒட்டித் தள்ளுவார். அந்த அம்மா பெட்டியில் அடுக்கி மூடுவார். அவர் மகளுக்கு வெளியூரில் பிரசவ நேரம். அந்த லீவை நம்பித்தான், வந்துவிடுகிறேன் என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

மாதக் கடைசி நாள் மதியம் லேபிள் சுருள் தீர்ந்தது. வேறு சுருள் மாட்டும்போதுதான் அண்ணி கவனித்தார்: காலையிலிருந்து ஒட்டியது குழந்தைகள் லேபிள். பாட்டிலில் இருந்ததோ பெரியவர்களுக்கான இருமல் மருந்து. மூடிய பெட்டிகள் வாசலருகே வேனுக்காகக் காத்திருந்தன.

அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போனார். கை கழுவப் போனார். மறுபடியும் தண்ணீர். வாசலில் பெட்டிகள் அப்படியே இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் அந்த அம்மா, மகளுக்கு எடுத்துப்போக வேண்டிய துணிமணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி 'உம்' கொட்டினார்.

வேன் வந்து நின்ற சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டார். "நிறுத்துங்க. லேபிள் மாறிப்போச்சு. என் தப்பு."

யாரும் கத்தவில்லை. சங்கு மாதிரி ஒருவர் வண்டை வண்டையாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்ததாம். சூப்பர்வைசர் புன்னகையோடு, "நல்லவேளை சொன்னீங்க மேடம்" என்று பெட்டிகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார். "இந்த மாசம் உங்க வரிசைக்கு லீவு இல்ல. சாரி."

"என் லீவை வெட்டிக்குங்க. இவங்க பொண்ணுக்குப் பிரசவம் சார்."

"ரூல் மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

அதன்பின் வரிசையில் ஒருவரும் அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு இதைக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் புன்னகைக்கு நாலு அறை விடலாம்.

வேலை முடிந்ததும் அந்த அம்மா விடுவிடுவென்று நடந்தார். அண்ணி பின்னாலேயே ஓடி, பஸ் நிறுத்தத்தில் பிடித்தார்.

"அக்கா, என்னை நாலு திட்டு திட்டிடுங்க. இப்படிப் பேசாம போகாதீங்க."

"உன்னை எதுக்குத் திட்டணும்? நீ சொன்னது சரிதாம்மா."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறீங்க?"

அந்த அம்மா பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். பஸ் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

"காலையில முதல் பெட்டி அடுக்கும்போதே நான் பார்த்துட்டேன். குழந்தைங்க லேபிள்னு நல்லாவே தெரிஞ்சுது. பார்த்துட்டுதான் மூடினேன். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போற அவசரத்துல, அந்த மருந்தைக் குடிக்கப் போற பிள்ளை என் கண்ணுக்குத் தெரியல." பையை இறக்கிக் கீழே வைத்தார். "நான் இப்படிப்பட்டவ இல்லம்மா. இங்க வர்றதுக்கு முன்னாடி நான் இப்படி இல்ல."