அத்தைக்கு நான் சொன்ன கப்பல் கதை

போன வருடம் கிறிஸ்துமஸ் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஆம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில், மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி மயக்கத்தில் என் கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான், என் மாமியார், கொழுந்தன் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

கொழுந்தனுக்குக் கப்பலில் சமையல் வேலை கிடைத்திருந்தது. அந்த வாரமே காட்பாடியில் மும்பை ரயில் ஏற வேண்டும். "இங்க ஷூ கம்பெனில இல்லாத வேலையா?" என்று மாதக்கணக்கில் முறுக்கிக்கொண்டிருந்த அத்தை, அப்போதுதான் அரைமனதாகத் தலையாட்டியிருந்தார். ஒரு சின்னச் சாக்குக் கிடைத்தால் போதும், கட்டிய பெட்டியைப் பிரித்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்து நான் ஒரு ஜப்பான் படத்தைப் போட்டேன். முகப்பில் அழகான கப்பல், நீலக்கடல். "அதையே வெய்யி. கப்பலு உள்ள எப்டி இருக்கும்னு பாக்கலாம்" என்றார் அத்தை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துச் சொல்வது என் பொறுப்பானது.

கொஞ்ச நேரம்தான். ஈரக் கூந்தல் முகத்தை மூட, ஒரு பெண் கடலிலிருந்து கப்பலுக்குள் ஏறி வந்தாள். பேய்ப்படம்! சட்டென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். வேறு வழியில்லாமல் வாய்க்கு வந்ததை அளக்க ஆரம்பித்தேன்.

"யாரும்மா அது?"

"கேப்டன் சம்சாரம் அத்தை. இப்பதான் தலைக்கு ஊத்திகினு வர்றாங்க."

ஒருவன் தலைதெறிக்க ஓடினான். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாம் என்றேன். ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். டியூட்டி முடிந்து ஊருக்குப் போகிறார்கள் என்றேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பாவத்துக்குக் கொழுந்தன்தான் தலையணையைக் கட்டிக்கொண்டு வெளிறிப்போயிருந்தான்.

ஒருவழியாகப் படம் முடிந்தது. அத்தை டீ போட எழுந்தார். தப்பித்தோம் என்று நானும் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்தப் பொண்ணு பேய்தானே?"

நான் டீத்தூள் டப்பாவைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"அவளுக்குக் காலே இல்லியேம்மா. இத்தினி வருஷம் ஷூ தச்சவ, நான் காலப் பாக்க மாட்டனா?"

"அப்புறம் ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் அதக் காட்டினா அவன் நின்னுடுவான். நீ அவனுக்கோசரம் கதை சொன்ன, நான் அவனுக்கோசரம் கேட்டுக்கினு இருந்தேன்." டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டே, "மொத டீய அவனுக்குக் குடு, புள்ள நடுங்கிகினு இருக்கான்" என்றார்.

அவரை ஏமாற்றிவிட்ட பெருமையில் இருந்த நான், அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

கொழுந்தன் சொன்ன நாளில் ரயில் ஏறினான். இப்போது அவனிடமிருந்து சில நாள் போன் வராமல் போனால், "நடுக்கடல்ல சிக்னல் கெடைக்காது அத்தை" என்பேன். "ஆமாம்மா" என்பார். இருவருக்குமே உள்ளே உதறல்தான். ஆனால், கூடச் சேர்ந்து பயப்பட வீட்டில் ஓர் ஆள் இருப்பதே எவ்வளவு பெரிய தைரியம் என்பதை, அந்த டீ கொதித்த நேரத்தில்தான் நான் தெரிந்துகொண்டேன்.