அவன் களைப்பாக இல்லை என்றேன்

சுகுமாரனின் வேலையைப் பறித்தது நிறுவனம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நான்தான் பறித்தேன். தொலைபேசியில், இரண்டே வாக்கியத்தில்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏனென்றால் நீங்கள் என்னை எங்கும் சந்திக்கப் போவதில்லை. கோழைத்தனம்தான்! ஒப்புக்கொள்ளும்போதும் முகத்தை மறைத்துக்கொள்கிற கோழைத்தனம்.

நான் பயணிகள் விமானத்தின் கேப்டன். சுகுமாரன் என் துணை விமானி. அதற்கும் முன்பே என் நண்பன். அவன் ஈப்போவில் குனோங் ராபாட்காரன். நான் அதற்கருகே செமோர் பக்கத்தில், இன்று வீட்டு மனைகளாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இருவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைத்தால் ஒரே காரில் ஊருக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரை நிறுவனத்தைத் திட்டிக்கொண்டே வருவோம். அதில் ஒரு தனிச் சுகம் உண்டு, வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு விமானி ஒரு நாளில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பணியில் இருக்கக் கூடாது. மழையாலோ கோளாறாலோ தாமதமானால், அந்த நேரத்தைச் சிறிது நீட்டிக்கும் அதிகாரம் கேப்டனுக்கு உண்டு. உடன் பறப்பவர்களின் உடல்நிலையைக் கேட்டறிந்த பிறகே நீட்டிக்கலாம். எப்போதாவது பயன்படுத்த வேண்டிய அந்த அதிகாரத்தை நிறுவனம் அன்றாட வழக்கமாக்கிவிட்டது. ‘கேப்டன், நீட்டிச்சிடுங்க’ என்பது காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் சங்கம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: இனி எந்தக் கேப்டனும் பணிநேரத்தை நீட்டிப்பதில்லை. இது வேலைநிறுத்தமல்ல. விதி எங்களுக்குக் கொடுத்த உரிமை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவன், சங்கச் செயலாளராக இருந்த சுகுமாரன். எழுந்து நின்று வழிமொழிந்தவன் யார் தெரியுமா? நான்! கைதட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்களில் சோதனை வந்தது. கூச்சிங் விமான நிலையத்தில் இடியும் மழையுமாக வானம் இருண்டு கிடந்தது. விடியுமுன்பே பணிக்கு வந்த நாங்கள், மதியம் தாண்டியும் தரையில் உட்கார்ந்திருந்தோம். புறப்பட்டால் பணிநேரம் கடந்துவிடும். ‘நான் நீட்டிக்க மாட்டேன்’ என்று சொல்ல வேண்டியவன் கேப்டனாகிய நான். சொல்லவில்லை. அவன் முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அவன் சொன்னான். ஆனால் சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

“மச்சான், கண்ணு சொருகுது லா. ராத்திரி தூக்கமே இல்ல. என்னால முடியாது, நெசமாத்தான் சொல்றேன்.”

“சரி, நான் பேசிக்கிறேன். நீ போய் முகத்தக் கழுவிட்டு வா.”

அவன் போனான். அந்த நேரம் பார்த்துப் பணிப்பிரிவு மேலாளர் அழைத்தார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு. தமிழில் எழுதும்போது இன்னும் அசிங்கமாகத் தெரிகிறது.

நீங்கள் நீட்டிக்கத் தயாரா என்று கேட்டார். தயார் என்றேன். துணை விமானி? களைப்பு என்கிறார் என்றேன். உண்மையிலேயே களைப்பா, இல்லை, சங்கத்து வேலையா?

அவன் களைப்பாக இல்லை என்றேன். சங்கத்துக்காகச் சொல்கிறான் என்றேன்.

அவ்வளவுதான்! மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும்! காலையில் கூச்சிங்கில் இறங்கும்போது, கட்டுப்பாட்டு அறை சொன்ன உயரத்தை அவன் தவறாகத் திருப்பிச் சொன்னான். நான்தான் திருத்தினேன். அப்படித் தவறுகிறவன் அல்ல அவன். அவன் கண்களைப் பார்த்தேன், சிவந்திருந்தன. என் கண்களும் அப்படித்தான் இருந்திருக்கும்... எனக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

பிறகு ஏன்? அதே மேலாளர் அதற்கு முந்தைய வாரம் என்னைத் தனியாக அழைத்து, புது விமானிகளைப் பயிற்றுவிக்கும் பயிற்சி கேப்டன் பதவிக்கு என் பெயர் பேசப்படுகிறது என்று சொல்லியிருந்தார். எதையும் பதிலுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முறைத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை, நானாகவே கொடுத்தேன்.

துணை விமானி பறக்க முடியாது என்றதால் அன்று விமானம் புறப்படவில்லை. பயணிகள் கூச்சலிட்டார்கள். களைப்பு என்று பொய் சொல்லிச் சேவையைக் குலைத்ததாகச் சுகுமாரன்மேல் விசாரணை வந்தது. ‘உடன் பணியாற்றியவர்களிடமிருந்து கிடைத்த தகவல்’ என்று மட்டும் சொன்னார்கள். என் பெயரை வெளியிடவில்லை. என்னை அவர்கள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் காட்டிக்கொடுத்திருப்பேன் என்று சுகுமாரனுக்குத் தோன்றவே இல்லை. அவன் சந்தேகப்பட்டது அன்று எங்களோடு பணியில் இருந்த தலைமைப் பணிப்பெண் மேகலாவை. ஓய்வறையில் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பிடித்துக் கேட்டான். “சத்தியமா நான் ஒன்னும் சொல்லல அண்ணே” என்று அவள் அழுதாள். நான் பக்கத்தில் நின்று, “விடு லா, பாவம்” என்றேன். பெருந்தன்மை! அதன் பிறகு அவளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டாள்.

சுகுமாரனை நீக்கினார்கள். சங்கம் போராடியது, முடியவில்லை. வேறு எந்த நிறுவனமும் அவனை எடுக்கவில்லை. களைப்பு என்று பொய் சொன்னவன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய் நின்றது. இப்போது ஈப்போவில் ஜெலாப்பாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிறான்.

எனக்குப் பதவி வந்தது. பயிற்சி கேப்டன் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவர், ஆகவே சங்கத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். என்ன வசதி பாருங்கள்! ‘விதி விடவில்லையே’ என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சங்கம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. ‘சொந்தச் செயலாளரையே காப்பாற்ற முடியாத சங்கத்தால் விமானிகளுக்கு என்ன பயன்?’ என்று இன்றும் எங்கள் ஓய்வறையில் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குச் சான்று சுகுமாரன். அந்தச் சான்றைத் தயாரித்துக் கொடுத்தவன் நான்.

சங்கத்தின் பயன் எனக்குத் தெரியாதா? தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததே அப்பாவும் அவருடைய சங்கத்து ஆட்களும் துரையின் அலுவலக வாசலில் போய் நின்றதால்தான். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன்தான் நான்.

இப்போது ஒன்று நடக்கிறது... எனக்குக் களைப்பு வந்தால் சொல்ல முடிவதில்லை. எத்தனையோ முறை கண்கள் எரிய எரிய நீட்டித்திருக்கிறேன். களைப்பு என்று ஒருமுறை நான் சொல்லிவிட்டால், அன்று அவன் சொன்னதும் உண்மைதான் என்றாகிவிடாதா? எனக்காகப் பேச ஒரு சங்கமும் இல்லை. அதைத்தான் நான் கொன்றுவிட்டேனே. விமானி அறையின் கதவை உள்ளிருந்து பூட்டும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது. வேலையை விட்டுவிடலாம்தான். ஏன் விட்டாய் என்று சுகுமாரன் கேட்பானே!

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மகள் கயல்விழி விமானியாகிவிட்டாள். எங்கள் நிறுவனத்திலேயே துணை விமானியாகச் சேர்ந்திருக்கிறாள். இளம் விமானிகள் சிலர் சங்கத்தை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்க்கிறார்கள், அவளையும் அழைத்திருக்கிறார்கள்.

“சேரலாமா அங்கிள்? அப்பா இவ்ளோ செஞ்சும் சங்கம் அவரக் காப்பாத்தலயே. பின்ன எதுக்கு நான் சேரணும்?”

சங்கம் தோற்கவில்லை அம்மா, நான் தோற்கடித்தேன்... வாய்வரை வந்தது. சேர் என்றால், பக்கத்து இருக்கையில் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருப்பானே. சேராதே என்றால், அவள் அப்பனை இரண்டாம் முறை வெளியே தள்ளுவேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சுகுமாரன்தான் பதில் சொன்னான்.

“சேரு லா. ஆனா சங்கம் மட்டும் பத்தாது. பக்கத்துல உக்கார்ற கேப்டனும் மனுஷனா இருக்கணும். அன்னிக்கு எனக்கு இவன் இருந்தான், எனக்காகப் பேசினான். அந்த மேகலாதான் கெடுத்துட்டா.”

என் தட்டில் இன்னும் கொஞ்சம் கறியை அள்ளி வைத்தான். அதையும் சாப்பிட்டேன்.

“அங்கிள், உங்ககிட்ட சொல்லவே மறந்துட்டேன்!” கயலுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அடுத்த வாரத்திலேர்ந்து எனக்கு ட்ரெய்னிங் குடுக்கப் போறது நீங்கதான். லிஸ்ட் வந்திருச்சு.”

“அப்படின்னா எனக்குக் கவலையே இல்ல” என்றான் சுகுமாரன்.

அடுத்த வாரம் அவன் மகள் என் வலப்புறம் உட்காருவாள். கதவைப் பூட்டுவேன். அவளுக்குக் களைப்பாக இருந்தால், அதை அவள் என்னிடம்தான் சொல்ல வேண்டும்.