வாங்குபவர் கேட்டால் போதும்

கண்டி வாவிக்கரை ஹோட்டலுக்கு வேனில் போகும்போதே நானா சொல்லிவிட்டார்.

"இன்டைக்கு நீங்க ஒண்டும் பேச வாணாம் தங்கச்சி. போய், இருந்து, டீ குடிச்சிட்டு வருவோம்."

முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். இவர் மடவளைக்காரர், என் வியாபாரப் பங்காளி. பல்லேகலயில் ஸ்டோர் போட்டு, இருவரும் சேர்ந்து மிளகும் கராம்பும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். கப்பல் சரக்குக்கான பத்திரங்களை எல்லா நாடுகளும் ஒரே விதமாக ஏற்றுக்கொள்ள சர்வதேச அளவில் ஒரு மாதிரிச் சட்டம் இருக்கிறது. அதைத் தழுவி இங்கேயும் ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகளின் கருத்தைக் கேட்கக் கொழும்பிலிருந்து குழு வந்திருந்தது. சிறு ஏற்றுமதியாளர்கள் சார்பில் என்னையும் அழைத்திருந்தார்கள்.

"அந்தப் பிரிவ அப்படியே விட்டுட்டா நம்ம கதி என்ன நானா?" என்றேன்.

"அவர் வாங்குறதாலதான் எங்கட ஸ்டோர் ஓடுது. உங்களுக்கும் தெரியும்."

அவர் என்றது குழுவில் வியாபாரிகளின் தலைவராக இருந்த பெரிய ஏற்றுமதியாளரை. நாங்கள் நேரடியாக அனுப்ப முடியாத கராம்பையெல்லாம் அவர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பிரிவு வேண்டும் என்று நின்றவரும் அவரே; வெளிநாட்டுப் பெரிய கம்பனிகளை அது இழுக்கும் என்பது அவர் கணக்கு.

வெளிநாட்டில் வாங்குபவர் கேட்டால், கப்பல் பத்திரத்தைத் தாளில் தராமல், அவர் சொல்லும் கணினி முறையில் மின்பதிவாகவே தரவேண்டும். விற்பவர் மறுக்க முடியாது. இதுதான் அந்தப் பிரிவு. மின்பதிவு எனக்குப் பகை இல்லை. தாள் போய்ச் சேரத் தாமதமாகி, சரக்கு துறைமுகத்தில் காய்ந்து கிடந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. ஆனால் பத்திரம் யார் கையிலோ, சரக்கும் அவர் கையில். ஒருமுறை வளைகுடாவில் சரக்கு இறங்கிய பிறகு வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கினார். பத்திரம் எங்கள் அலுமாரியில் இருந்ததால் அவரால் கொள்கலனைத் தொட முடியவில்லை. அதே துறைமுகத்தில் வேறொருவருக்கு விற்றோம். அந்தப் பதிவு அவருடைய ஆட்களே நடத்தும் கணினியில் இருந்திருந்தால்?

கூட்டத்தில் அந்தப் பிரிவை வாசித்தார்கள். ஆட்சேபனை உண்டா என்று தலைவர் கேட்டார். யாரும் அசையவில்லை. என் கையும் மடியிலேயே கிடந்தது. தேநீருக்கு எழுந்தோம்.

வரைவை எழுதிய குழுவில் இருந்த யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அதை வாசிக்கேக்க உங்கட முகம் மாறினதைக் கண்டனான்."

"நீங்களே சொல்லலாமே மேடம்?"

"சொன்னனான். இந்தப் பிரிவை வியாபாரிகள்தான் கேக்கினம் எண்டு தட்டிக் கழிச்சுப் போட்டினம். நான் சொன்னா அது என்ர அபிப்பிராயம். ஒரு வியாபாரி சொன்னால்தான் அறிக்கையில ஆட்சேபனையாப் போகும்."

அவர் நகர்ந்ததும் தலைவர் வந்தார். நானாவின் தோளில் கைபோட்டு, அடுத்த பருவத்துக் கராம்பையும் எங்களிடமே எடுக்க நினைத்திருப்பதாகச் சொன்னார். இன்று வேலை இழுபடாமல் முடிந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார். குரலை உயர்த்தவே இல்லை. நானா கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

மீண்டும் உட்கார்ந்ததும் கையை உயர்த்தினேன். தமிழில் பேசினேன், மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். வளைகுடாவில் நடந்ததைச் சொன்னேன். இருவரும் சம்மதித்தால் மட்டுமே மின்பதிவு என்று மாற்றும்படி கேட்டேன்.

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. இது நிறுவனத்தின் கருத்தா, இவருடைய சொந்தக் கருத்தா என்று கேட்டார். பங்காளி இங்கேதான் இருக்கிறார், அவரிடமே கேட்போம் என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். நானா முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மறுக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"பங்காளி சொன்னதுதான் என்ட கதையும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பின்வரிசையில் கம்பளை வியாபாரி ஒருவர் தானும் அப்படியே நினைப்பதாகச் சொன்னார். பிறகு இன்னும் சிலர். சட்டத்தரணி அம்மா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வேன் ஏறியது. நானா வெளியே பார்த்தபடி சொன்னார்: "அவர் என்னக் கேக்காட்டி நான் எழும்பியிருக்க மாட்டன். சபையில வச்சி உங்கள மறுத்துப் பொய் சொல்லச் சொன்ன மாதிரி ஈந்திச்சி எனக்கு."

சில மாதம் கழித்துத் திருத்திய வரைவை அந்த அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 'இரு தரப்பும் சம்மதித்தால்' என்று மாறியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே தலைவரின் கராம்புக் கொள்வனவு நின்றுவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஸ்டோரில் மூட்டைகள் தேங்கின. கராம்பு தெரிவு செய்யும் பெண்களை அழைத்து, கொஞ்ச நாளைக்கு வேலை இல்லை என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பிரிவு என்ன, அதனால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

"அதெல்லாம் சரிங்க அக்கா," என்றாள் ஒருத்தி. "எப்ப மறுபடி வரட்டும்?"

தெரியாது என்றேன். அன்று கை உயர்த்தியதற்காக நான் வருந்தவில்லை. ஆனாலும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

கூட்டத்தில் எழுந்து பேசிய கம்பளைக்காரர்தான் கடைசியில் அந்த மூட்டைகளை எடுத்தார், குறைந்த விலைக்கு. பெண்களை மறுபடி அழைத்தோம். அந்தக் கேள்வியைக் கேட்டவள் மட்டும் வரவில்லை. அதற்குள் தையல் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டாளாம்.