சுகந்தி உடைத்த கறுப்புக் கல்

சுகந்தி போய்விட்டாள்.

காலையில் பெல்மதுளையிலிருந்து அவள் தம்பிதான் கோல் எடுத்தான். "அண்ணே... அக்கா நம்மள விட்டுட்டுப் போயிருச்சு." மாரடைப்பாம். இன்னும் நம்ப முடியவில்லை.

கேம்பஸில் நாங்கள் இருவரும் ஒரே பிஸிக்ஸ் லேப். நான் தெரணியகலை, அவள் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டம். ஏ லெவல் எடுத்துவிட்டு, டவுனில் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் கடையில் வேலை பார்த்தவள். அப்பா... அது என்ன கை!

கடைசி வருஷ ப்ரொஜெக்ட்டுக்கு அவளுக்குக் கிடைத்தது சமாரியம் சல்பைட். மிளகு அளவில் ஒரு கறுப்புக் கல். அது உலோகம் இல்லை, ஆனால் அழுத்தினால் தங்க நிறமாகி உலோகம்போல் நடக்கும். மேலே ஒளியை விட்டு, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்தால் மாற்றம் பிடிபடும். லேபில் இருந்ததே அந்த ஒரு கல்தான்.

ஒளி நன்றாகத் திரும்பட்டும் என்று இவள் பழைய கைப்பழக்கத்தில் கல்லைத் தீட்டிவிட்டாள். துடைத்துப் பார்த்தால்... தங்க நிறம்! தீட்டிய அழுத்தமே அதற்குப் போதுமாக இருந்திருக்கிறது. அளக்கவேண்டிய கறுப்புக் கல் இப்போது கையில் இல்லை.

"அனே... என் டிகிரி போச்சுப்பா" என்று உட்கார்ந்து அழுதாள்.

மாறியது மேல்தோல் மட்டும்தான், உள்ளே கறுப்பாக இருக்கும் என்றார் எங்கள் சேர். ஆனால் உடைத்தால்தான் தெரியும். நொறுங்கினால் எல்லாம் முடிந்தது. சேருக்கே கை வரவில்லை.

தீட்டிய கல்லை உடைப்பதாவது! மாணிக்கக்கல்லிலேயே பிழைக்கும் இரத்தினபுரிப் பக்கம் அதை யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

"குடுங்க சேர், நானே ஒடைக்கிறேன்" என்றாள் சுகந்தி. பிளேடை வைத்து, ஒரே தட்டு.

சுத்தமாக இரண்டாகப் பிளந்தது. உள்ளே கறுகறுவென்று. இரண்டு பக்கமும் ஒளியை விட்டோம். தங்கத் தோலில் மேலே ஏறிய அதே கிராஃப், உள்கறுப்பில் படுத்துக் கிடந்தது.

"பாத்தியாப்பா! ரெண்டும் ஒரே கல்லுலயே கெடைச்சிருச்சு!" என்று குதித்தாள். அடுத்த நிமிஷமே என் காதில், "எங்க கல்லுக்கடை முதலாளிகிட்ட மட்டும் சொல்லிறாத. கல்ல ஒடைச்சேன்னு தெரிஞ்சா என்னைய கொன்னே போட்டுருவாரு."

அந்த ப்ரொஜெக்ட்டுக்கு அவளுக்கு ஏ ப்ளஸ். எனக்குப் பொறாமையே வரவில்லை, சத்தியமாக.

அன்று பிளந்தபோது ஓரத்தில் தெறித்த ஒரு துணுக்கை எனக்குத் தந்திருந்தாள். இப்போதுதான் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் நீ தீட்டிய இடம்... இன்னும் மின்னுதுப்பா.

போயிட்டு வா, சுகந்தி.