பின்பக்கத்து ஆந்தைகள்

அக்கா இல்லாத முதல் கோடையில் இந்த நினைவு மலர் உங்கள் கைகளுக்கு வருகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு தங்கையான எனக்கு வந்தது.

அக்கா திருவாதவூரில் விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, கப்பலூரில் சாக்குப் பை தைக்கும் வேலைக்குப் போனார். நான் பாலிடெக்னிக் முடித்தது அந்த உழைப்பில்தான். திருமணமாகி கே.கே. நகருக்கு வந்தபின் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது. கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். ஆந்தை என்றால் உயிர்.

இந்த ஆந்தைப் பாசம் உறவினர் பலருக்குத் தெரியாது. எங்கள் வயலின் மோட்டார் அறையில் இரண்டு ஆந்தைகள் இருந்தன. ஆகாத பறவை என்று மற்றவர்கள் கல்லெறிவார்கள். அக்கா நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

மூன்று கோடைகளுக்கு முன், டவுனில் ஒரு பாயின் துணிக்கடையில் ஆந்தைப் படம் போட்ட பருத்தித் துணி கிடந்தது. நானும் உடன் இருந்தேன்.

"இத யாரும் தொடவே மாட்டேங்குறாகம்மா. நெசமாத்தான் கேக்குறீகளா?"

"இருக்குறத அம்புட்டையும் குடுங்க பாய்."

இருந்த துணி ஒரே ஒரு டாப் தைக்கத்தான் போதும். வெயிலில் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவள் நான். எனக்குத்தான் என்று நினைத்தேன். அக்காவோ தன் நாத்தனார் பிரியாவுக்கு என்றார். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனதால் பிரியாவை அப்போது யாரும் விசேஷங்களுக்கு அழைப்பதில்லை.

"ரெண்டையும் ஆகாதுங்குறாக. சேந்தே திரியட்டும்," என்று சிரித்தார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அக்கா துணியின் ஒரு முனையை மறுமுனைமேல் மடித்துப்போட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே வெட்டினார். சாக்குப் பைக்கு அப்படித்தான் மடிப்பார்கள். அதற்கு மேல், கீழ் கிடையாது. இந்தத் துணியில் ஆந்தைகள் எல்லாம் ஒரே திசையில் நின்றன. அப்படி மடித்தால் முதுகில் தலைகீழாகத் தொங்கும். பாலிடெக்னிக்கில் வரைபடம் பார்த்துப் பழகிய எனக்குக் கத்தரி படும் முன்பே அது தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

பிரியா போட்டுப் பார்த்தாள். "என்ன அண்ணி, முன்னால ஆந்தை, பின்னால வௌவாலா?" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். டாப் கெட்டால் அவள் அதைப் போடமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ அந்தக் கோடை முழுக்க அதையே போட்டுத் திரிந்தாள்.

சிறுநீரகம் பழுதாகி அக்கா மருத்துவமனையில் இருந்தபோதும் உடம்பு துடைத்து, தலை வாரிவிட்டது பிரியாதான். என்னை அக்கா வேலைக்கு விரட்டிவிடுவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்.

"ஏக்கா, எல்லாத்துக்கும் அவதானா? அந்தத் துணிய நீ தப்பா மடிச்சது எனக்கு அப்பவே தெரியும். வேணும்னுதான் சொல்லல."

"நீ முழிச்ச முழியிலயே ஏதோ இருக்குன்னு தெரியும்டி. நீ என்னையக் குத்தம் சொல்லாதது அன்னைக்கு ஒருநாள்தான்." பிறகு சொன்னார்: "அவ முன்னால நோயாளியா இருந்துருவேன். உன் முன்னால முடியாது. போ, வேலைக்கு நேரமாச்சு."

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், தினமும் கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பிரியாவுக்கும் நன்றி. பட்டியலில் முதலில் வரவேண்டிய பெயர் இது. பொறாமை இன்னும் தீரவில்லை. அதனால்தான் கடைசியில் எழுதுகிறேன்.