வீட்டில் ஆளில்லை

என் வீட்டுக்காரருக்கு அழைப்பு முக்கியம். தங்கை மகள் காதுகுத்துக்கே, போனில்தான் கூப்பிட்டார்கள் என்று போகாமல் இருந்த மனிதர். நேரில் வரவேண்டும், தாம்பாளம் நீட்ட வேண்டும், குடும்பத்தோடு வாருங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கள் வீட்டிலிருந்து ஈ, காக்கை போகாது. நானும் போகக் கூடாது என்பதுதான் அதில் என் வயிற்றெரிச்சல்.

தேர்தலுக்கும் அதே சட்டம். வேட்பாளர்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோதெல்லாம் இவர் திராட்சைப் பந்தலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சால்வை போட்டார்கள். எதிர்வீட்டில் மோர் குடித்தார்கள். ஓட்டுப்போடும் நாள் காலையில் இவர் பனியனோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு தீர்ப்பு சொன்னார்.

“எல்லார் வீட்டுக்கும் போயிருக்காக. நம்ம வீடு மட்டும் கண்ணுக்குத் தெரியலையாக்கும்? இங்கன இருந்து யாரும் ஓட்டுப் போடப் போக வேணாம்.”

“ஏங்க, ஓட்டு என்ன கெடாவெட்டா, கூப்பிட்டாத்தேன் போறதுக்கு?”

“பேசாம இரு.”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏனென்றால், வேட்பாளர்கள் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மூன்று கட்சியும் வந்தது. மூன்று தடவையும் வாசலில் நின்றவள் நான். கூட வந்த ஆள், “அண்ணே இல்லையா?” என்று கேட்பான். தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்பேன். உடனே திரும்பி, “வீட்டுல ஆளு இல்லண்ணே, அடுத்த வீடு!” என்று குரல் கொடுப்பான். குத்துக்கல் மாதிரி நான் நிற்கிறேன். மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற மூன்று கட்சிக்கும் இதில் மட்டும் ஒரே கொள்கை. அவமானமாக இருந்தது. இவரிடம் அதைச் சொல்லவும் பிடிக்கவில்லை.

ஆனால் என் ஓட்டை விடுவதாக இல்லை. தனியாகப் போனால் அடுத்த தேர்தல் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். தாம்பாளத்தை எடுத்தேன். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ், மேலே எங்கள் இரண்டு பேருடைய பூத் சிலிப். கட்டிலுக்கு முன்னால் போய் நீட்டினேன்.

“பள்ளிக்கூடத்துல இன்னைக்கு ஓட்டு வச்சிருக்காக. நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். மனிதர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டு, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

“இது முறை,” என்றார். தேய்த்த வேட்டி பீரோவிலிருந்து வெளியே வந்தது.

வண்டியில் போகும்போதே, எந்தச் சின்னத்தில் அமுக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவும் வந்தது. பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி மேசை போட்டிருந்த கட்சிக்காரர்கள் எழுந்து நின்று, “வாங்க மாமா, வாங்க!” என்றார்கள். மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பின்னால் இறங்கிய என்னை யாரும் பார்க்கவில்லை.

உள்ளே, அட்டை மறைப்புக்குப் பின்னால் நானும் மெஷினும் மட்டும். மேலே அந்த மூன்று பேர். நடுவில் முகம் தெரியாத சுயேச்சைகள். கடைசியில் நோட்டா. நிதானமாக அதில் அமுக்கினேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது. மனசு குளிர்ந்தது.

வெளியே வந்ததும் இவர் குரலைத் தாழ்த்தி, “நான் சொன்னதுலதான அமுக்குன?” என்றார்.

“வீட்டுல ஆளு இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மை வைத்த விரலை ஊதிக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.